பல் வெளுக்கப் போய் ஆறவிட்ட தேத்தண்ணி

எங்கள் ஊர் முரசுமோட்டையில் அறுபது வயதைத் தாண்டியும் முப்பத்திரண்டு பல்லையும் காட்டிப் பளிச்சென்று சிரிக்கக்கூடிய ஒரே ஆள் நான்தான்.

பொய். இந்தத் தொடரை முதலில் இருந்து வாசிப்பவர்களுக்கு இது என்னுடைய முதல் பொய் இல்லை என்பதும் தெரியும். என்னிடம் இருப்பவை இருபத்தாறு பல். நாற்பது வருடம் வெற்றிலையும் பாக்கும் புகையிலையும் போட்டவனின் பல் என்ன நிறத்தில் இருக்குமோ அந்த நிறம். மாரிகாலத்தில் எங்கள் வீட்டுச் சேற்று ஒழுங்கையைப் பார்த்தவர்களுக்கு மேலும் விளக்கம் தேவையில்லை.

பளிச்சென்று சிரித்தது மட்டும் உண்மை. ஒரே ஒரு நாள். அந்த ஒரு நாளில் மகளின் கலியாணத்தைக் கலைத்துப்போட்டு வந்தேன்.

மல்லாவிப் பக்கம் ஒரு வீட்டு முற்றம். சாக்கில் கச்சான் கடலை காய்கிறது. நானும் மனுசி பூமணியும் பிளாஸ்டிக் கதிரைகளில் இருக்கிறோம். எதிரே மாரிமுத்து, என் மகள் கட்ட விரும்பிய பெடியனின் தகப்பன். நடுவில் ஒரு முக்காலி. அதன்மேல் எனக்கென்று வைத்த தேத்தண்ணி. பூப்போட்ட கோப்பை, கீழே தட்டு. அலுமாரிக்குள் இருந்து அன்றைக்கென்று எடுத்துக் கழுவியது என்பது பார்த்தாலே தெரிகிறது. இஞ்சி மணக்கிறது. ஆவி பறக்கிறது.

எல்லாரும் என் கையைப் பார்க்கிறார்கள். கை என் முழங்காலில் இருக்கிறது. அங்கேயே இருக்கிறது.

"குடிங்க அண்ணே, ஆறிடும்," என்றார் மாரிமுத்து.

"ஓம் ஓம், குடிப்பம்."

குடிக்கவில்லை. ஏன் குடிக்கவில்லை என்பதைச் சொல்வதற்குப் பத்து நாள் பின்னுக்குப் போக வேண்டும். வெட்கமான வழி. என்றாலும் வாருங்கள்.

வாயைத் திறக்கக் கூடாது

மகள் சுகி எங்கள் ஊர் முன்பள்ளியில் படிப்பித்துக்கொண்டிருந்தாள். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னைக் கைவிட்டதால், வீட்டில் ஒருத்தியாவது அதைக் கைவிடாமல் இருக்கட்டும் என்று விட்டிருந்தேன். நான் எழுதுவதில் பிழை பார்ப்பதும் அவள்தான். இந்தப் பகுதியில் மட்டும் கை வைக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன்.

பெடியன் பெயர் தினேஷ். நெல் வெட்டும் மெசின் ஓட்டுபவன். போன காலபோக அறுவடைக்கு எங்கள் ஒன்றரை ஏக்கரை வெட்ட வந்தான். மற்றவர்களின் வயலில் காலையில் இறங்கினால் மத்தியானத்துக்குள் மூன்று நாலு ஏக்கரை முடிக்கிறவன், எங்கள் வயலுக்கு இரண்டு நாள் எடுத்தான். எனக்கு அப்போதே விளங்கியிருக்க வேண்டும். நானோ, பெடியன் நிதானமாக வேலை செய்கிறான் என்று ஊருக்கெல்லாம் புகழ்ந்து திரிந்தேன்.

அவன் ஆட்கள் கலவரங்களுக்குப் பிறகு மலையகத் தேயிலைத் தோட்டங்களில் இருந்து வன்னிக்கு வந்தவர்கள். என் ஆட்கள் அதற்கு முந்தி, குளத்துத் தண்ணீரில் வயல் கிடைக்குமென்று யாழ்ப்பாணத்தில் இருந்து வந்தவர்கள். இரண்டு பகுதியும் வந்த பகுதிதான். ஆனால் பஸ்ஸில் முதல் ஏறியவன் பிறகு ஏறுகிறவனைப் பார்க்கும் பார்வை ஒன்று இருக்கிறது. என் தமையனுக்கு அந்தப் பார்வை உண்டு. எனக்கு இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அதற்காக என்னை நானே தனியாக மெச்சியும் இருக்கிறேன்.

பத்து நாள் தள்ளிப் பெடியன் வீட்டுக்குப் போவதென்று நாள் வைத்தாயிற்று. அன்று பூமணி குசினிக்குள் இருந்து சொன்னாள்:

"இஞ்சாருங்கோ, அங்க போனால் வாயைத் திறந்து சிரிக்காதேங்கோ."

"சிரிக்காமல் நான் என்னண்டு கதைக்கிறது?"

"கதைக்கவும் வேண்டாம். சும்மா தலையை ஆட்டுங்கோ. நல்ல மனுசன் எண்டு நினைப்பினம்."

சுகி சிரித்தாள். அவளுடைய பல் அரிசி மாதிரி. அன்றைக்குத்தான் என் வாய் எனக்குப் பாரமாகத் தெரிந்தது.

என் பல்லை அரசாங்கமே கண்டதில்லை

இதற்குமுன் என் பல்லை ஒருவரும் குறை சொன்னது கிடையாது. அடையாள அட்டைக்குப் படமெடுத்தவன் வாயை மூடு என்றான். அகதி முகாமில் படமெடுத்தவனும் மூடு என்றான். வீட்டுத்திட்டத்துக்குப் படமெடுத்தவன் வீட்டை எடுத்தான், என்னைப் பாதி வெட்டிவிட்டான். இந்த நாட்டில் என் முகம் எத்தனையோ கோப்புகளில் கிடக்கிறது. ஒன்றிலாவது பல் இல்லை.

சண்டையால் பாதை பூட்டிக் கிடந்த காலத்தில் வன்னிக்குள் பற்பசை வருவது அபூர்வம். எல்லாரும் சாம்பலாலும் கரியாலும் விளக்கினோம். ஆசிரியருக்கும் கூலிக்காரனுக்கும் பல் ஒரே நிறம். அப்படியொரு சமத்துவத்தை நான் அதற்குப் பிறகு காணவில்லை. பாதை திறந்தது, ரியூப் ரியூபாகப் பற்பசை வந்தது, ஆட்கள் ஒருவரையொருவர் பார்த்து வெள்ளை, மஞ்சள் என்று பிரிந்து போனார்கள். நான் வெற்றிலைப் பக்கம் நின்றுவிட்டேன்.

பத்து நாள் வைத்தியம்

முதல் மூன்று நாள் உமிக்கரியும் உப்பும். கரியாக்கியதோ மொட்டைக்கறுப்பன் நெல்லின் உமி. பெயரிலேயே கறுப்பு இருக்கிற நெல்லிடம் வெள்ளையைக் கேட்டது என் பிழை.

அடுத்த மூன்று நாள் ஓட்டுத்தூள். கூரையில் இருந்து விழுந்த ஓட்டுத் துண்டை அம்மியில் பொடித்து, சேலைத் துண்டில் அரித்து, விரலால் தேய்த்தேன். பித்தளைக் குத்துவிளக்கு இதில் மினுங்கும். பல்லுக்கும் விளக்குக்கும் என்ன வித்தியாசம், இரண்டையும் விளக்குகிறோம்தானே என்பது என் ஆராய்ச்சி.

ஏழாம் நாள் பக்கத்து வளவில் இருக்கும் குலம் என்பவன் வேலியால் எட்டிப் பார்த்தான். அவனிடம் பெரிய போன் இருக்கிறது. அதற்குத் தெரியாத வருத்தமும் மருந்தும் இல்லை.

"என்ன அண்ணை, வாயெல்லாம் சிவப்பு. வெத்திலையோ ரத்தமோ?"

"ரெண்டும் இல்லையடா. ஓடு."

குலம் போனைத் தட்டினான். அதற்குள் ஒரு பெண்பிள்ளை வந்து, தேசிக்காய்ப் புளியும் (அவள் எலுமிச்சை என்றாள்) அப்பச்சோடாவும் கலந்து தேய்த்தால் மூன்றே நாளில் முத்துப்போல வரும் என்று சிரித்துச் சிரித்துச் சொன்னாள். அவளுடைய பல் ஏற்கெனவே முத்துப்போலத்தான் இருந்தது. அதை நான் யோசிக்கவில்லை. முத்துப் பல்லுக்காரி சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன்.

வாய்க்குள் நுரை பொங்கியது. ஒரு நாளைக்கு மூன்று தரம் தேய்த்தேன். மூன்று நாளில் ஒரு மரத்துத் தேசிக்காய் முடிந்தது. பூமணிக்குத் தெரியாமல் கிணற்றடியில் நின்று செய்ததால் கைவலியைக்கூட வெளியில் சொல்ல முடியவில்லை.

பத்தாம் நாள் காலை கண்ணாடியைப் பார்த்தேன். உள்ளதைச் சொல்கிறேன், முன்பல் ஆறும் வெளுத்திருந்தன. சிரித்துப் பார்த்தேன். கண்ணாடிக்குள் ஒரு அரசாங்கக் கச்சேரிக் கிளாக்கர் நின்று சிரித்தார்.

பிறகு காலைத் தேத்தண்ணியை வாயில் வைத்தேன். பல்லுக்குள்ளால் நெற்றிவரைக்கும் யாரோ கரண்ட் கொடுத்தது போல ஒரு கூச்சம். கோப்பையைக் கீழே வைத்துவிட்டுப் பச்சைத் தண்ணீரை வாயில் விட்டேன். அது அதைவிட மோசம். காற்றை இழுத்தேன். காற்றும் கூசியது.

மல்லாவிக்குப் போக ஓட்டோ படலையில் வந்து நின்றது. கூச்சத்தை ஒருவருக்கும் சொல்லாமல் ஏறினேன்.

சோடாக்காரர்கள்

மாரிமுத்து வீட்டு முக்காலிக்கு வருவதற்குமுன் எங்கள் ஆட்களின் ஒரு பழக்கத்தைச் சொல்ல வேண்டும். இதைச் சொன்னால் என் தமையன் கோவிப்பார். அவர் இந்தப் பத்திரிகை வாங்குவதில்லை, அதனால் சொல்லலாம்.

தங்களுக்குக் கீழே என்று நினைக்கிற ஆட்களின் வீட்டுக்கு எங்கள் ஆட்கள் போகமாட்டார்கள். போக நேர்ந்தால் அங்கே வாய் நனைக்கமாட்டார்கள். வேண்டாம் என்று முகத்துக்கு நேரே சொல்வதும் இல்லை, மரியாதையான ஆட்கள் அல்லவா. "வயித்துக்குச் சரியில்லை" என்பார்கள். வீட்டுக்காரருக்கு அது விளங்கும். ஒன்றும் பேசாமல் கடைக்கு ஆளனுப்பிச் சோடா எடுப்பிப்பார்கள். போத்திலில் அடைத்து மூடி போட்டது, அவர்களின் கை படாதது. மூடியை வந்தவரின் கண்முன்னால் திறப்பார்கள். வந்தவர் குடிப்பார். வயிறு உடனே சரியாகிவிடும்.

என்னைப் பெற்ற ஐயா இப்படிக் குடித்த சோடாவில் ஒரு வாய்க்கால் ஓடும். அவருக்கு ஆயுளில் ஒருநாளும் வயிற்றுவலி வந்தது கிடையாது.

இப்போது முற்றத்துக்கு வாருங்கள். ஆவி குறைந்துகொண்டு வருகிறது. பூமணி தன்னுடைய தேத்தண்ணியை ஒரு சொட்டு விடாமல் குடித்துவிட்டாள். ஆனால் இந்த மாதிரி இடத்தில் எல்லாரும் பார்ப்பது ஆம்பிளையின் கோப்பையைத்தான். சுகிக்கு அங்கே இருக்கை இல்லை, அவள் வீட்டில் இருந்து ஐந்து நிமிடத்துக்கொருதரம் பூமணியின் போனுக்கு 'என்ன மாதிரி' என்று அனுப்பிக்கொண்டிருக்கிறாள்.

மாரிமுத்துவின் மனுசி பார்வதி வெற்றிலைத் தட்டத்தைக் கொண்டுவந்து வைத்தார். நான் போடுகிறவன் என்று பெடியன் சொல்லி, தேடி வாங்கிவைத்த இளம் வெற்றிலை. எனக்கு வாயூறியது. ஆனால் பத்து நாள் பாடுபட்டு வெளுத்ததை ஐந்து நிமிடத்தில் சிவப்பாக்கவா? தட்டத்தை மெதுவாகத் தள்ளினேன்.

"வெத்தில போடுவீங்கன்னு தம்பி சொன்னானே அண்ணே," என்றார் மாரிமுத்து.

"இப்ப விட்டிட்டன்."

"அப்ப தேத்தண்ணியாவது குடிங்க."

இந்த இடத்தில் ஒரு சொல் போதும். 'பல்லுக் கூசுது' என்றால் முடிந்தது. ஆனால் சம்பந்தம் பேச வந்த இடத்தில், ஓட்டுத்தூள் போட்டுத் தேய்த்தேன் என்று எந்த மனுசன் சொல்வான்? வாய் தானாகத் திறந்தது. ஐயாவின் வாய் என்றுதான் நினைக்கிறேன்.

"வயித்துக்குச் சரியில்லை" என்றேன்.

பூமணி என்னைத் திரும்பிப் பார்த்தாள். மாரிமுத்து என்னைப் பார்க்கவில்லை. மகனைப் பார்த்தார்.

"தம்பி, ஐயாவுக்கு சோடா வாங்கிட்டு வா."

அண்ணே போய்விட்டது. ஐயா வந்துவிட்டது. எனக்கு அப்போதுதான் உறைத்தது.

தினேஷ் மோட்டார் சைக்கிளில் போனான். வந்தான். மாரிமுத்து போத்திலை முக்காலியில் வைத்து, என் கண்முன்னால், நிதானமாக மூடியைத் திறந்தார். குளிர்பெட்டிக்குள் இருந்து எடுத்தது. போத்திலில் வேர்வை வடிகிறது. பார்க்கவே என் இருபத்தாறும் நடுங்கின.

சோடாவையும் குடிக்கவில்லை. அந்த வீட்டின் மூடி போட்ட சோடாவைக்கூட வேண்டாமென்ற முதல் ஆள் நான்தான். ஐயாவே அந்தளவுக்குப் போனதில்லை.

எழும்பும்போது, எப்படியாவது சமாளிப்போம் என்று நன்றாகச் சிரித்தேன். பளிச்சென்று. ஒருவரும் திருப்பிச் சிரிக்கவில்லை.

சட்டியும் பல்லும்

மூன்றாம் நாள் தினேஷ் சுகிக்குப் போன் எடுத்துச் சொன்னான். அவனுடைய அப்பா வேண்டாம் என்கிறாராம். பெண்ணில் குறையில்லை, நாளைக்கு எங்கள் வீட்டில் இருந்து யாரும் வந்தால் தன் மனுசி சோடாப் போத்திலோடு நிற்கமாட்டாள் என்றாராம்.

சுகி வந்து எனக்கு முன்னால் நின்றாள்.

"அப்பா, நீங்களும் பெரியப்பா மாதிரித்தான் எண்டு நான் நினைக்கேல்லை."

என் வாழ்க்கையில் ஆட்கள் என்னைச் சொல்லாத சொல் இல்லை. எல்லாவற்றுக்கும் ஒரு பகிடி வைத்திருப்பேன். இதற்கு உள்ளதைத்தான் சொல்ல வேண்டியிருந்தது.

"பிள்ளை, பல்லுக் கூசுது" என்றேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். உமி, ஓடு, தேசிக்காய், குலத்தின் போன். அவள் முதலில் சிரித்தாள். பிறகு அழுதாள். பூமணி மட்டும், "அதுதானே, மரத்தில காய் ஏன் குறையுது எண்டு பாத்தன்" என்றாள்.

அடுத்தநாள் சுகி என்னை ஆஸ்பத்திரிப் பல் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அங்கே இருந்த டொக்டர் பிள்ளைக்கு என் மகளின் வயதுதான் இருக்கும். லைட்டைப் போட்டுப் பார்த்தார்.

"என்னத்தால தேய்ச்சனீங்கள் ஐயா?"

சொன்னேன்.

"நீங்கள் பல்லு விளக்கினனீங்களோ, சட்டி மினுக்கினனீங்களோ?"

பல்லுக்கு மேலே வெள்ளையாக ஒரு படை இருக்கிறதாம். சுவருக்கு அடித்த பெயின்ற் மாதிரி. தேசிக்காய்ப் புளி அதை இளக்கும், ஓட்டுத்தூள் சுரண்டும். அது திரும்ப முளைக்காது. அது போனால் உள்ளே இருப்பது மஞ்சள். நான் வெள்ளை என்று பார்த்தது கறையோடு சேர்ந்து படையும் போன பல்லைத்தானாம். இன்னும் ஒரு கிழமை தேய்த்திருந்தால் நல்ல மஞ்சளாக வந்திருக்குமாம்.

"அப்ப வீட்டில என்னதான் செய்யிறது பிள்ளை?"

"பெரிசா ஒண்டும் இல்லை. மெத்தையான பிரஸ். புளோரைட் போட்ட பேஸ்ட், பட்டாணி அளவு. காலமையும் படுக்க முதலும், ரெண்டு நிமிசம், மெல்லமா. தேத்தண்ணி குடிச்சால் வாயைத் தண்ணியால கொப்பளியுங்கோ. புளிச் சாமான் சாப்பிட்ட கையோட விளக்காதேங்கோ, அரை மணித்தியாலம் விடுங்கோ. கரி, ஓடு, சோடா, தேசிக்காய் ஒண்டும் வேண்டாம். கடையில வெளுக்கிற சாமான் வாங்கிறதெண்டாலும் எங்களிட்டக் கேட்டுட்டு வாங்குங்கோ. பிடிச்ச கறையைக் கூச்சம் குறைஞ்சாப்போல இஞ்ச வந்தால் நாங்கள் கிளீன் பண்ணி விடுவம். வெத்திலையை, முக்கியமாப் புகையிலையை நிப்பாட்டுங்கோ. இல்லாட்டி நான் கிளீன் பண்ணிறது வீண்."

"உதெல்லாம் செய்தால் முத்து மாதிரி வருமோ?"

"உங்கட பல்லு மாதிரி வரும். சுத்தமா இருக்கும். அறுபது வயசில அது காணும், வேற என்ன வேணும்."

பிறகு கன்னத்துக்கு உள்பக்கத்தை இரண்டு தரம் விரித்துப் பார்த்தார். புகையிலை போடுகிறவர்களுக்கு அங்கே வெள்ளைத் திட்டு வருமாம். அது புற்றுநோய்க்குத் தொடக்கமாக இருக்கலாமாம். "வெள்ளை ஒண்டும் இல்லை, நல்லது" என்றார். பத்து நாளாக வெள்ளையைத் தேடித் திரிந்தவனுக்கு, அது இல்லை என்றதுதான் அன்றைக்கு நல்ல செய்தி.

கதிரை வந்தது

கூச்சத்துக்குத் தந்த பேஸ்ட்டைப் போட்டுக்கொண்டு ஒரு கிழமை பொறுத்தேன். முழுக்க மாறவில்லை. மாறும்வரைக்கும் சுகியின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. ஒரு காலமை பஸ் ஏறித் தனியாக மல்லாவிக்குப் போனேன். கிளினிக்கில் எழுதித் தந்த துண்டுச் சீட்டு சட்டைப்பைக்குள்.

மாரிமுத்து கச்சான் தோட்டத்தில் நின்றார். என்னைக் கண்டு கை கழுவிவிட்டு வந்தார்.

"வாங்க ஐயா. உக்காருங்க."

கதிரை வந்தது. தேத்தண்ணி வரவில்லை.

கொஞ்ச நேரம் வெய்யிலைப் பற்றிக் கதைத்தோம். பிறகு நானே கேட்டேன்.

"தேத்தண்ணி கிடைக்குமோ?"

"வயிறு எப்படிங்க ஐயா இருக்கு?"

அவர் குரலை உயர்த்தவில்லை. நான் வாயைப் பிளந்து காட்டினேன். கிணற்றுக்குள் விழுந்த வாளியைத் தேடுவது மாதிரி அவர் குனிந்து பார்த்தார். உமியில் இருந்து குலம்வரைக்கும் எல்லாம் சொன்னேன். துண்டையும் நீட்டினேன். அவர் அதை வாங்கவில்லை.

"அன்னிக்கே சொல்லியிருக்கலாமில்ல?"

"வெக்கமாய்ப் போச்சு."

"உங்க வெக்கத்துக்கு எங்க மானம்தான் கெடச்சுதா? நாப்பது வருசமா உங்காளுங்க வயல்ல வேல செஞ்சிருக்கேன். இந்த வன்னியில இத்தன பேருக்கு வயித்து வருத்தம் இருக்குன்னு, நாங்க தேத்தண்ணி ஊத்துனாத்தான் எனக்குத் தெரிய வரும்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கினேன். அவருடைய உதடும் லேசாக விரிந்தது. ஆனால் கண் சிரிக்கவில்லை. அந்தக் கண்ணைப் பார்த்ததும் என் சிரிப்பும் செத்துப்போனது.

"உண்மைதான்" என்றேன். "என்ர ஐயாவும் அப்பிடித்தான் சொல்லுவார். அண்டைக்கு எனக்கு அந்தச் சொல்லுத்தான் வாயில வந்தது. பல்லு சாட்டு. சொல்லு வந்தது எங்களிட்ட இருந்துதான்."

 அவர் குசினிப் பக்கம் திரும்பி, "பார்வதி, ஒரு தேத்தண்ணி ஊத்து" என்றார். வந்தது. பூப்போட்ட கோப்பை இல்லை, அவர்கள் ஒவ்வொரு நாளும் குடிக்கிற சில்வர் குவளை. தொட முடியாத சூடு. டொக்டர் பிள்ளையின் முகம் ஒருதரம் வந்து போனது. எடுத்து வாயில் வைத்தேன். நெற்றிவரைக்கும் கரண்ட் ஏறியது. கீழே வைக்காமல் இரண்டாம் வாயும் குடித்தேன். கண்ணால் தண்ணீர் வடிந்தது. மாரிமுத்து அதைப் பார்த்தார். அது பல்லால் வந்ததா மனதால் வந்ததா என்று அவருக்குத் தெரியவில்லை, எனக்கும் சரியாகத் தெரியவில்லை, அவர் மெல்ல எழும்பி என் பக்கத்தில் வந்து...

"சம்பந்தி, அங்க என்ன எழுதிக்கிட்டே இருக்கீங்க? தேத்தண்ணி ஊத்தி எவ்வளவு நேரமாச்சு, ஆறுது வாங்க."

கூப்பிடுவது மாரிமுத்துதான். கலியாணம் முடித்த பிள்ளைகளைப் பார்க்க நேற்று மல்லாவிக்கு வந்தோம், இதை அவருடைய முற்றத்து வேப்பமரத்துக்குக் கீழே இருந்துதான் எழுதுகிறேன். ஆறினால் என் பல்லுக்குச் சுகம். ஆனால் இந்த வீட்டில் நான் ஒருக்கால் ஆறவிட்டது போதும். போகிறேன்.